அற்றைத் திங்களும் மதிலோர முருங்கையும்: பாடலோடு தன் வாழ்வைச் சேர்த்து எழுதும் முறை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு விடை எழுதிப் பழகிய ஒரு மாணவரிடம், படித்த பாடல் தம் வாழ்வில் எதைத் தொட்டது என்று எழுதச் சொன்னால், அவர் மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று அதே தலைப்புகளைப் போட்டுவிட்டு, இறுதியில் ‘நாமும் இவ்வாறு வாழ வேண்டும்’ என்ற ஒரு வரியைச் சேர்த்து முடித்துவிடுவார். பயிற்சி அப்படிப்பட்டது. பாடநூலின் ‘கற்பவை கற்றபின்’ பகுதியில் சொந்த அனுபவத்துக்கு இடம் தரும் செயல்பாடுகள் இருந்தாலும், தேர்வு நெருங்கும்போது வகுப்பு அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. வீட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால், அந்த எழுத்தை நீங்களே பழகிக்கொள்ளலாம்.

சிறிய பாடலாக எடுத்துக்கொள்ளுங்கள். பறம்பு மலையை ஆண்ட பாரி வேந்தர்களால் கொல்லப்பட்டு, மலையும் பறிபோன பின் அவன் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடல் ஐந்தே அடிகள்தான்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

உரையைத் திறப்பதற்கு முன் இதை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லுக்கு மட்டும் பொருள் பார்த்துக்கொண்டு, எந்த இடத்தில் குரல் தானாகத் தயங்குகிறதோ அங்கே கோடு இடுங்கள். பிறகு அந்த இடம் ஏன் உங்களை நிறுத்தியது என்று பாடலுக்குள்ளேயே தேடுங்கள். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையே மாறியிருப்பது ‘அ’ ‘இ’ என்னும் சுட்டெழுத்துகள் மட்டுமே. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சேய்மைச் சுட்டும் அண்மைச் சுட்டும் இங்கே ஒரு மாத இடைவெளியைச் சுமக்கின்றன. முதலில் தந்தையையும் பிறகு குன்றையும் சொன்ன பெண்கள், இழப்பைச் சொல்லும்போது குன்றை முன்னே வைத்துத் தந்தையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அந்தச் சொல்லோடு பாட்டும் நின்றுவிடுகிறது. துறை, இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்திப் பாடும் கையறுநிலைதான் என்றாலும், அழுகை என்றோ கண்ணீர் என்றோ ஒரு சொல்கூட இல்லை. இப்படி நீங்களாகவே கண்டுபிடித்த ஒன்று கையில் இல்லாமல் உங்கள் வாழ்வைப் பற்றி எழுதத் தொடங்காதீர்கள்; தொடங்கினால் பாடல் வெறும் முன்னுரையாகிவிடும்.

அடுத்துப் பத்து நிமிடம், அடிக்காமல், திருத்தாமல், பேசுவது போலவே எழுதுங்கள். வாழ்விலிருந்து எடுப்பது ஒரு நாளாகவோ ஒரு பொருளாகவோ இருக்கட்டும். என் வகுப்பு மாணவி ஒருத்தி முதலில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இப்பாடல் இழப்பின் வலியை உணர்த்துகிறது. நாங்களும் சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்கு வந்தபோது மிகவும் வருந்தினோம்.’ இதில் பிழை எதுவும் இல்லை, ஆனால் அவளும் இல்லை. “பாரி மகளிருக்கு நிலா மாறவில்லை, உனக்கு எது மாறவில்லை?” என்று மட்டும் கேட்டேன். மறுநாள் வந்தது இது: ‘பள்ளிப் பேருந்து இப்போதும் எங்கள் பழைய தெரு வழியாகத்தான் போகிறது. மதிலுக்கு மேலே முருங்கை தெரிகிறது. போன வாரம் நிறையக் காய்த்திருந்தது. அம்மா இப்போது முருங்கைக்காயை விலைக்கு வாங்குகிறார்.’ வருத்தம் என்ற சொல்லை அவள் எடுத்துவிட்டதை நான் சொல்லித்தான் கவனித்தாள்.

உங்கள் அனுபவம் பாடலோடு முழுவதும் பொருந்த வேண்டும் என்று இழுக்காதீர்கள். பொருந்தாத இடத்தையும் எழுதுங்கள்; பெரும்பாலும் கட்டுரையின் நல்ல பகுதி அதுவாகவே இருக்கும். வீட்டை விற்றதும் பறம்பு மலையை வேந்தர்களிடம் இழந்ததும் ஒன்றல்ல என்பது அந்த மாணவிக்குத் தெரிந்தே இருந்தது. ‘எந்தையும் இலமே என்ற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. வீடு மாறிய அன்று இரவும் அப்பா எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்’ என்று அவள் எழுதிய பிறகுதான், பாடலில் அந்தக் கடைசிச் சொல்லின் எடை எனக்கே இன்னொரு முறை தெரிந்தது.

செம்மையாக எழுதும்போது ஒன்றரைப் பக்கம் போதும். பாடலில் உங்களை நிறுத்திய இடம், உங்கள் நாள், மறுபடியும் பாடல் என்ற வரிசை தொடக்கத்தில் கைகொடுக்கும். பழகிய பிறகு அதை மாற்றிக்கொள்ளலாம். ‘நாம்’, ‘மனிதர்கள்’, ‘இன்றைய சமுதாயம்’ என்று வரும் இடங்களில் ‘நான்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் நிற்காவிட்டால் அந்த வரி வேண்டாம். நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும், ஆனால் உங்கள் அப்பத்தா பேசியதை அவர் பேசியபடியே மேற்கோள் குறிக்குள் விடுங்கள். அவரை இலக்கணத் தமிழ் பேச வைத்தால் படிப்பவர் நம்பமாட்டார்.

எழுதியதில் பிறருடைய செய்தி எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். வீடு விலைபோனதற்குக் காரணமான கடன் யாருடையது என்ற வரி மாணவியின் இரண்டாம் வரைவில் இருந்தது. வகுப்பில் வாசிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும், அது தான் சொல்ல வேண்டிய கதையல்ல என்று அவளே அடித்துவிட்டாள். சொல்ல மனமில்லாத துயரத்தை எழுதியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. தொலைந்த குடையும் ஓடாத கடிகாரமும்கூடப் போதுமான பொருள்களே.

திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் துன்பத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்; பாடலை அவர் எவ்வளவு கூர்ந்து படித்திருக்கிறார் என்பதற்குப் போடுங்கள். முதல் வரைவை வாங்கியவுடன் சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைச் சுழித்துத் திருப்பித் தந்தால், அடுத்த முறை அவர் எதுகை மோனைப் பட்டியலுக்கே திரும்பிவிடுவார். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். ஒற்றுப்பிழைகளை இரண்டாம் வரைவில், பென்சிலால் பார்த்துக்கொள்ளலாம்.