பழைய பிரிட்டிஷ் காசுகள்: அச்சைப் படிக்கப் பழகுங்கள்

பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி 1933 பென்னியைப் பற்றித்தான். அதை விட்டுவிடுங்கள். அந்த ஆண்டில் புழக்கத்துக்கென்று பென்னி அடிக்கவே இல்லை. கட்டட அடிக்கல்லின் கீழ் வைக்கவும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவும் ஒரு சில மட்டுமே அடித்தார்கள். சந்தையில் உங்கள் கைக்கு ஒன்று வந்தால், வேறொரு ஆண்டின் கடைசி இலக்கத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது வேறு வகைத் தேடல். தேய்ந்த பென்னிகள் நிறைந்த பிஸ்கட் டின்னில், விற்பவரே கவனிக்காத ஒரு எழுத்தையோ கடலைக் குறிக்கும் ஒரு வரியையோ கண்டெடுப்பது. நான் கிழக்கு லண்டனில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். ஞாயிறு காலைகளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு கார் பூட் சந்தைக்கு, அதாவது காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கும் சந்தைக்குப் போவேன். என் சேகரிப்பில் எனக்குப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

தொடங்குகிறவருக்குப் பென்னியே நல்லது. வெள்ளி ஷில்லிங்கும் அரை கிரவுனும் வெள்ளி விலையோடு ஏறி இறங்கும். சாதாரணக் காசுக்குக்கூட உலோக மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். 1860-இல் தொடங்கிய வெண்கலப் பென்னிக்கு அந்தத் தொல்லை இல்லை. கிட்டத்தட்ட 31 மி.மீ. அகலம், 9.4 கிராம் எடை. பெரிய காசு என்பதால் விவரம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தேய்ந்த சாதாரண ஆண்டுகள் ஒரு பவுண்டுக்கும் கீழேதான் விற்கின்றன. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற அந்தக் கணக்கு 1971 பிப்ரவரி 15-இல் முடிந்தது. அதனால்தான் வீடு வீடாகப் பெட்டியில் கிடக்கிறது.

வாங்க வேண்டியவை மூன்று. 10 மடங்கு பெருக்கும் நகைக்கடைக் கண்ணாடி, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு. விளக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் அந்த எழுத்து எழுந்து நிற்கும்.

சரி, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது? காசில் எந்த வித்தியாசம் தெரிந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: இது அச்சில் (காசை அடிக்கும் உலோக முத்திரையில்) இருந்ததா, அடிக்கும்போது நேர்ந்ததா, அல்லது பிறகு யாரோ செய்ததா? அச்சில் இருந்தால் அதே அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது இருக்கும். அதற்குத்தான் ரகம் என்று பெயர். அதைத் தேடலாம், ஒப்பிடலாம், பட்டியலில் காணலாம். அடிக்கும்போது நேர்ந்தது என்றால் பெரும்பாலும் அந்த ஒரு காசுக்கு மட்டும் உரிய பிழை. பிறகு நேர்ந்தது வெறும் சேதம். இணையத்தில் 'அபூர்வப் பிழை' என்று விற்கப்படுவதில் நிறைய இந்த மூன்றாவது வகைதான்.

முதல் வகையில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் விருந்தே அங்கேதான். விக்டோரியா காலத்தில் அச்சு செய்வது செலவான வேலை. ஆண்டின் கடைசி இலக்கங்களைக் கையால் தட்டிப் பதிப்பார்கள். ஆண்டு முடிந்தும் அச்சு நன்றாக இருந்தால் பழைய இலக்கத்தின் மேலேயே புதியதைத் தட்டிவிடுவார்கள். 1848 செப்புப் பென்னியில் 8-இன் உள்ளே 7-இன் விளிம்பு தெரிவது இப்படித்தான். 1858-இலும் 7-இன் மேல் 8 உண்டு. இவை இரண்டும் எட்டாத விலைக்குப் போகிறவை அல்ல. கண் பழக இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, பர்மிங்காம். லண்டன் நாணயச்சாலையால் முடியாத ஆண்டுகளில் ஹீட்டன் கம்பெனிக்கு வேலை போனது. அவர்கள் அடித்ததில் சின்ன 'எச்' எழுத்து இருக்கும். 1874 முதல் 1876 வரையும் 1881, 1882-இலும் அது ஆண்டுக்குக் கீழே. 1912, 1918, 1919-இல் ஆண்டுக்கு இடப்பக்கம். 1918, 1919-இல் கிங்ஸ் நார்டன் கம்பெனியும் அடித்தது. அதில் 'கேஎன்' என்று இரண்டு எழுத்து. 1912 'எச்' எளிதாகக் கிடைக்கும். 1918, 1919-இன் 'எச்' குறைவு, 'கேஎன்' இன்னும் குறைவு. 1882 மட்டும் தலைகீழ்: 'எச்' உள்ளதுதான் சாதாரணம், இல்லாததுதான் அபூர்வம். அதனாலேயே 'எச்'சைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அங்கே பரப்பு பள்ளமாகவோ மினுமினுப்பாகவோ இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1902. ஏழாம் எட்வர்டின் முதல் பென்னி. பூப்பக்கத்தில் பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா கையில் திரிசூலத்தோடு உட்கார்ந்திருப்பாள், பின்னால் கடல். சாதாரண 1902-இல் கடல் கோடு அவள் கால்கள் குறுக்கிடும் இடத்துக்கு நேராக வரும். சிலவற்றில் அதற்குக் கீழேயே நின்றுவிடும். சேகரிப்பவர்கள் இதை 'லோ டைட்', அதாவது கடல் வற்றிய நிலை, என்கிறார்கள். நன்றாகத் தேய்ந்த காசிலும் இந்தக் கோட்டைப் படிக்க முடியும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். 1897-இல் இதற்கு நேரெதிர்: வழக்கத்தைவிடக் கடல் உயர்ந்து நிற்பதுதான் அரியது. 1895-இல் கடலை விட்டுவிட்டு, திரிசூலத்தின் முனைக்கும் 'பென்னி' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 மி.மீ. என்றால் சாதாரணம். 2 மி.மீ. இருந்தால் உட்கார்ந்து இன்னொரு முறை அளங்கள்.

1926 பென்னிக்கு ஒரு காரணக் கதை இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜின் தலை மிகப் பெரிதாகச் செதுக்கப்பட்டிருந்தது. அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே இழுபட, பூப்பக்கத்தில் பிரிட்டானியாவின் மேல் அரசரின் தலை நிழல் போல விழுந்தது. 1911-க்குப் பிறகான பென்னிகளைப் புரட்டினால் நீங்களே காண்பீர்கள். அது பிழை அல்ல, பலவற்றில் இருக்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அதைச் சரிசெய்யத் தலையைத் திருத்தினார்கள். அந்தத் திருத்திய தலை 1926-இல் கொஞ்சக் காசுகளில் மட்டும் வந்தது. கழுத்து வெட்டில் சிற்பி மெக்கென்னலின் முதலெழுத்துகளைப் பாருங்கள். பழையதில் இரண்டு எழுத்துக்கும் புள்ளி உண்டு. திருத்தியதில் புள்ளி இல்லை, எழுத்துகள் வலப்பக்கம் தள்ளி இருக்கும். மலிவு டின்னில் 1926 எதைக் கண்டாலும் நான் கழுத்தைப் பார்க்காமல் விடுவதில்லை.

அடிக்கும்போது நேரும் பிழைகளில், வில்லை (படம் பதியாத வெற்று உலோக வட்டம்) சரியாக உட்காராமல் படம் ஒரு பக்கம் ஒதுங்கியவை, விளிம்பு வளையம் இல்லாமல் அடித்துப் பரந்துபோனவை, ஓரம் பிறை வடிவில் வெட்டுப்பட்டவை எல்லாம் உண்டு. வெட்டு உண்மையானது என்றால் அதற்கு நேரெதிரே உள்ள விளிம்பும் மங்கலாக இருக்கும். வீட்டில் வெட்டியதில் அது இருக்காது. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால், ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் அதே படம் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியும் வரும். அழகான பிழை அது.

இரண்டு பக்கமும் தலையுள்ள பென்னியை யாராவது நீட்டினால், இரண்டு காசைக் கடைந்து ஒன்றாகச் சேர்த்தது அது. விளிம்பின் உட்புறம் ஒரு மயிரிழைக் கோடு ஓடும். மேசையில் போட்டால் ஓசை மொட்டையாக வரும். காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். வெண்கலப் பென்னி ஒட்டாது.

அப்புறம், சுத்தம் செய்வது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, எதுவும் வேண்டாம். அமிலம் மேல் தோலைத் தின்றுவிடும், போன தோல் திரும்பாது. சில காசுகளை நாணயச்சாலையே வேண்டுமென்று கறுப்பாக்கியது. 1897 முதல் ஃபார்திங்கை, அதாவது கால் பென்னிக் காசை, கறுப்பாக்கினார்கள், யாரும் அதை அரை சவரன் தங்கக் காசு என்று ஏமாற்றிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் வரலாற்றில் ஒரு பகுதியையே எடுத்துவிடுகிறீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, ஒற்றி உலர்த்துங்கள், போதும். பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பசை படியும். அமிலமில்லாத காகித உறை மலிவு, நல்லது.

நம் ஆட்களுக்கு நான் தனியாகச் சொல்வது இலங்கைக்கென்று அடித்த சின்னக் காசுகளைப் பற்றி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இவை மேல் எனக்குத் தனி ஆசை. அரை ஃபார்திங், அதாவது பென்னியில் எட்டில் ஒன்று, முதலில் இலங்கையில் புழங்கத்தான் அடிக்கப்பட்டது. 1842-இல்தான் பிரிட்டனிலும் செல்லுபடியாக்கினார்கள். அதிலும் பாதியான கால் ஃபார்திங் 1839-இலும் 1851 முதல் 1853 வரையும் வந்தது. ஒரு பவுண்டுக்கு 3,840! ஒன்றரைப் பென்னி வெள்ளிக் காசும் இலங்கைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனது. இவற்றிலும் ரகங்கள் உண்டு. 1844 அரை ஃபார்திங்கில் 'ரெஜினா' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து 'ஈ'. சிலவற்றில் அதற்கு அடியில் 'என்' எழுத்தின் சாய்கோடு தெரியும். அச்சு செய்தவர் தவறான எழுத்தைத் தட்டிவிட்டு மேலேயே திருத்தியிருக்கிறார். 1843 ஒன்றரைப் பென்னியில் 43-க்கு அடியில் 34 இருக்கும் ரகமும் உண்டு. 1844 அரை ஃபார்திங் அதிகம் அடிக்கப்பட்ட ஆண்டு, விலையும் குறைவு. பத்து கிடைத்தால் பத்தையும் கண்ணாடியில் பாருங்கள்.

ஏதாவது கிடைத்தது என்று தோன்றினால் அன்றே யாரிடமும் விலை பேசாதீர்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரே விளக்கில், ஒரே கோணத்தில் இரண்டையும் படம் எடுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் படங்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அச்சு ஒன்றே என்றால் எழுத்துகளின் இடைவெளி, ஆண்டின் சாய்வு, ஓரப் பற்கள் எல்லாமே ஒத்துப்போகும். ஒன்று பொருந்தி மற்றவை பொருந்தாவிட்டால் உறையில் கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு, அடுத்த டின்னைத் திறங்கள்.