முதலில் குழந்தை சீட், அப்புறம்தான் கார்: மதுரைப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

வீட்டில் கைக்குழந்தை வந்ததும் கார் பேச்சும் வந்துவிடும். விலை, மைலேஜ், டிக்கி, கலர் எல்லாவற்றையும் அலசுவார்கள். குழந்தை எதில் உட்காரும் என்று கேட்டால், "அதான் பாட்டி மடி இருக்குல்ல" என்பார்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருப்பவருக்கு அது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பாட்டிக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த வேகத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. 40 என்பது அண்ணா நகர் 80 அடி ரோட்டில் விடிகாலையில் எல்லோரும் போகிற வேகம்தான்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சீட், அதற்கேற்ற கார்.

படி 1: குழந்தை சீட்டைத் தேர்ந்தெடுப்பது

வயதைவிட உயரமும் எடையும்தான் முக்கியம். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட் வேண்டும். குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. முன்பக்கம் மோதும்போது இந்த வகை சீட்டில் மோதலின் விசை முதுகு முழுக்கப் பரவும், கழுத்து தப்பிக்கும். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஐ-சைஸ் விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வைக்க வேண்டும். சீட்டின் அளவு இடம் கொடுத்தால் இன்னும் நீட்டிப்பது நல்லது. "பிள்ளைக்கு ரோடு தெரிய வேண்டாமா" என்று உறவுகள் கேட்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அடுத்தது முன்பக்கம் பார்க்கும் பெல்ட் சீட், அதற்கும் பிறகு பூஸ்டர், அதாவது கார் பெல்ட் சரியாகப் பொருந்தப் பிள்ளையை உயர்த்தும் சீட். பழைய சீட்டைச் சொந்தக்காரர் தந்தால், அது விபத்தில் சிக்கியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

படி 2: காரைப் பின்சீட்டிலிருந்து பார்ப்பது

ஷோரூமில் எல்லோரும் டிரைவர் சீட்டில் ஏறுவார்கள். நீங்கள் பின்கதவைத் திறங்கள். இரண்டு ஜன்னல் ஓரங்களிலும் சீட் மடிப்புக்குள் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை சீட்டை நேராகக் காரின் உடலோடு பூட்டுவது) இருக்கிறதா? சீட்டுக்குப் பின்னால் டாப் டெதர் (குழந்தை சீட்டின் மேல்பகுதி முன்னால் சாயாமல் பிடிக்கும் பட்டை) மாட்ட வளையம் இருக்கிறதா? நடுவில் உட்காருபவருக்கும் தோளில் வரும் பெல்ட் உண்டா? பின்னால் ஏசி வென்ட் இருக்கிறதா? சித்திரை வெயிலில் இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

அடுத்தது நட்சத்திரம். காரை மோதவிட்டுப் பார்த்து பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் இந்தியாவின் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனித்தனி மதிப்பெண். விளம்பரத்தில் பெரிதாக வருவது பெரும்பாலும் பெரியவர்களுடையது. 2021-இல் டாடா பஞ்ச் இதே போன்ற சர்வதேசச் சோதனையான குளோபல் என்கேப்பில் வாங்கியது பெரியவர்களுக்கு 5 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 4. அதுவும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஏழு பேர் கார் எடுக்கலாமா? தாத்தா பாட்டியோடு அழகர்கோவில் போகிற குடும்பத்துக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஐசோஃபிக்ஸ் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில் மட்டுமே இருக்கும். குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி அடைபடலாம், முட்டி வலியோடு பாட்டி எப்படி ஏறுவார்? ஷோரூமிலேயே ஏற்றிப் பாருங்கள். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் குடியிருப்பவர் என்றால் 4 மீட்டருக்குள் அடங்கும் கார்தான் நிம்மதி என்பது என் கட்சி.

டெஸ்ட் டிரைவுக்குக் குழந்தை சீட்டையும் தூக்கிப் போங்கள். பின்பக்கம் பார்க்கும் சீட்டை மாட்டியபின் முன்சீட்டில் கால் நீட்ட இடம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பல கார்கள் தோற்பது இங்கேதான்.

படி 3: மாட்டுவது

ஐசோஃபிக்ஸ் என்றால் "க்ளிக்" சத்தம் கேட்கும், பல சீட்டுகளில் பச்சை அடையாளமும் தெரியும். அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி மாட்டுங்கள். பிறகு குழந்தையின் பெல்ட். தோள்பட்டை எலும்பருகே பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு வந்தால் லூஸ். கொடைக்கானல் போகும்போது ஸ்வெட்டரோடு மாட்டாதீர்கள்; தடித்த துணி அமுங்கினால் பெல்ட் தொளதொளத்துவிடும். முதலில் பெல்ட், மேலே போர்வை.

ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. வெடித்து விரியும் பை குழந்தையின் தலைப்பக்கத்தில்தான் மோதும்.

படி 4: ஓட்டுவது

புதிதாக ஓட்டுபவர் கோரிப்பாளையம் சிக்னலில் தொடங்க வேண்டாம். சில நாள் காலை ஆறு மணிக்கு ரிங் ரோட்டில் பழகுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று விநாடி இடைவெளி இருக்கட்டும். உள்ளிருந்து பின்கதவைத் திறக்க விடாத சைல்டு லாக், ஜன்னல் பூட்டு இரண்டையும் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்காதீர்கள். ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம்.

மாட்டுத்தாவணியில் "ரெண்டே நிமிஷம், பழம் வாங்கிட்டு வர்றேன்" என்று பிள்ளையைக் காரில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

படி 5: முதல் மலைப் பயணம்

2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். வத்தலக்குண்டில் நிறுத்தி லேசாக இட்லி கொடுங்கள், காட்ரோடு தாண்டியதும் பிள்ளை கையிலிருக்கும் செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.