வீட்டாரோடு ஓடும்போது நாம் செய்யும் தவறுகள்

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர்மலை கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்கா பக்கம் வந்து பாருங்கள். இருட்டிலேயே ஓடுபவர்களும் நடப்பவர்களுமாகச் சாலை விழித்திருக்கும். எட்டு வருடமாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பரிசுக்காக ஓடவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டியதும் மூச்சும் காலடியும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எனக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை வீட்டாருக்கும் கொடுக்க ஆசைப்பட்டேன். கொடுக்கப் போன விதத்தில்தான் தவறுகள் நடந்தன. யோசித்துப் பார்த்தால், பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: என் வேகத்தையும் என் கணக்கையும் அவர்கள் மேல் ஏற்றினேன்.

முதலில் என் வீட்டுக்காரரை அழைத்துப் போனேன். பள்ளிக்கூடக் காலத்தில் பந்து விளையாடியவர், எளிதாக ஓடிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு மெதுவான வேகம் அவருக்கு மூச்சு முட்டும் வேகம். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டார். “நீ போய்ட்டு வா, நான் காடியில இருக்கேன்” என்றார். நானும் விட்டுவிட்டுப் போனேன். வேகமாக ஓட வைத்ததைவிட அப்படிப் போனதுதான் பெரிய தவறு. ஆறு மாதம் அவர் என்னோடு வரவே இல்லை.

புதிதாக ஓடுபவருக்குக் கடிகாரம் தேவையில்லை, பேச்சு போதும். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் தசைநாண்களும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு பழகிவிட்டதே என்று நம்பித் தூரத்தைக் கூட்டும்போதுதான் முழங்காலும் குதிகாலும் வலிக்க ஆரம்பிக்கின்றன. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும். அவரோடு இரண்டாம் முறை அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த நாட்களை என் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவில்லை, அவை அவருக்கான நாட்கள்.

நடப்பதை வெட்கமாக நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் நம் சரவணன் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தது 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில்தான். அதை வீட்டில் சொன்ன பிறகு, நடுவில் நடக்க என் வீட்டுக்காரருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

அடுத்தது சீதோஷ்ணம். குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதிய பயிற்சி அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்றுவது பலர் செய்யும் தவறு. வியர்வை வழிந்து கீழே விழுவதால் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். பினாங்கில் விடியற்காலையில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சட்டை நனைகிறது, சூடு இறங்குவதில்லை. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அதே உழைப்புக்கு இங்கே வேகம் குறையத்தான் செய்யும். அதைப் பலவீனம் என்று எண்ணி யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, விரட்டாதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று ஓட்டமே வேண்டாம்.

தண்ணீரிலும் தவறு நடக்கிறது. குடிக்காமல் ஓடுவது ஒரு பக்கம். பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது இன்னொரு பக்கம், இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கினால் அதுவும் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி உப்பும் சர்க்கரையும் உள்ள பானம் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. பூங்காவில் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன, விடியற்காலையில் அந்தப் பூவின் மணம் தூரத்திலேயே வரும். அவள் குனிந்து, கீழே விழுந்திருந்த ஒரு பூவை எடுத்து, உள்ளே இருக்கும் லிங்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வா வா, நேரம் ஆகுது” என்றேன். பூவைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் புல்லோரத்தில் தொட்டாற்சிணுங்கி. மறுபடி குனிந்தாள், மறுபடி அவசரப்படுத்தினேன். அடுத்த ஞாயிறு எழுப்பப் போனபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “நான் வரலைலா மா” என்றாள்.

பிள்ளைகள் ஓடுவது நம்மைப் போல இல்லை. பாய்ந்து ஓடுவார்கள், நிற்பார்கள், எதையாவது பார்ப்பார்கள், மறுபடி பாய்வார்கள். அவர்களின் உடம்புக்கும் அதுதான் பொருத்தம், வளரும் எலும்புக்கு நீண்ட தூரம் தேவையில்லை. இப்போது நான் என் தூரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அப்புறம் என் வீட்டுக்காரர் அவளைக் கூட்டி வருவார், நான் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அவளோடு போவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் குனியட்டும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு: அங்கே கையில் பிளாஸ்டிக் பையோ வாழைப்பழமோ வைத்திருக்கக் கூடாது, குரங்குகள் பிடுங்க வரும். அவற்றுக்குத் தீனி போடவும் கூடாது.

அப்பாவுக்கு எழுபது வயது, பல வருடமாக இனிப்பு நீர். தண்ணீர்மலை கோயில் படிகள் 500க்கும் மேல், ஒரு நாள் என்னோடு ஏறலாம் என்று புறப்பட்டார். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பசியாறுவேன் என்று சொல்லி, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் கேட்கவில்லை. பாதிப் படியில் அவர் கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. நெற்றி வியர்த்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. “ஒண்ணுமில்ல, கொஞ்சம் நில்லு” என்றார். என் இடுப்புப் பையில் ஓட்டத்துக்கு வைத்திருந்த மிட்டாய் இருந்தது. இரண்டைக் கொடுத்து உட்கார வைத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதால் வந்தது அது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் உடம்பை வருத்தினால் இப்படி ஆகலாம். பெரியவர்களை அழைத்துப் போவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள், புறப்படும்போது ‘சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், பையில் இனிப்பு வைத்திருங்கள். நெஞ்சு இறுக்கமோ தாடை வலியோ வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

காலணிக்கு ஒரே வார்த்தை: அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். ஓடினால் பாதம் கொஞ்சம் வீங்கும், அதனால் நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

போட்டி நாளில் வீட்டாரை வரச் சொல்வதிலும் நான் தவறு செய்தேன். 1985இல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அந்தப் பாலத்தில் ஓடும் முழு மராத்தான் நள்ளிரவு தாண்டிப் புறப்படும். இரண்டு பக்கமும் கறுத்த கடல், முகத்தில் உப்புக் காற்று, முன்னால் ஆயிரக்கணக்கான முதுகுகள். அந்த அனுபவத்துக்கு ஈடு எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டாருக்கு அதில் எதுவுமே தெரியாது. அவர்கள் பாலத்தில் நின்று பார்க்க முடியாது, முடிவுக் கோட்டருகே காத்திருப்பது மட்டும்தான் அவர்கள் பங்கு.

என் முதல் மராத்தானில் நாலரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி வேகம் வேண்டும். முப்பது கிலோமீட்டர்வரை அது நின்றது. அதற்குப் பிறகு தசையில் சேர்ந்திருந்த மாவுச்சத்து தீர்ந்து, கால் கல்லாகிவிட்டது. ஐந்தரை மணி நேரம் ஆனது. கடைசித் திருப்பத்தில் அப்பாவைப் பார்த்தேன். ஒரு மணி நேரமாகத் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவள் அப்பா தோளில் தூங்கிப்போயிருந்தாள். என் ஆசைக் கணக்கை அவர்களிடம் உண்மைக் கணக்காகச் சொன்னது என் தவறு.

இப்போது இரண்டு நேரம் சொல்கிறேன்: நன்றாகப் போனால் இத்தனை மணி, மோசமாகப் போனால் இத்தனை மணி. சந்திக்கும் இடத்தையும் முந்தின நாளே நேரில் காட்டிவிடுகிறேன். பாய், குடை, தண்ணீர், பிள்ளைக்குத் தின்ன ஏதாவது அவர்கள் பையில் இருக்கும்.

போட்டியைவிட எங்கள் வீட்டுக்குப் பிடித்தது பினாங்கு மலை. பூங்கா வாசலருகே தொடங்கும் ஜீப் பாதையில் நான் ஏறுவேன், சுமார் 5 கிலோமீட்டர், விடாத ஏற்றம். வீட்டார் ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயிலில் வருவார்கள். மேலே எல்லோரும் சேர்ந்து தே தாரே குடிப்போம். இறங்கும்போது நானும் ரயில்தான். செங்குத்தாக இறங்கி ஓடினால் தொடைத் தசை அதிகம் அடிபட்டு, மறுநாள் படியிறங்கவே முடியாது. வீட்டில் சமையலும் துணியும் காத்திருக்கும்போது அது மற்றவர்கள் தலையில் வேலையைக் கட்டும்.

ஓடி முடித்ததும் சட்டென்று உட்காருவதும் தவறு. காலில் இறங்கிய இரத்தம் மேலே திரும்ப நேரம் வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இப்போது மகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் கொஞ்சம் வேகம் கூட்டினால், “மெதுவா மா, மெதுவா” என்று இழுத்து நிறுத்துகிறாள்.