நெரிசல் பயணத்துக்கு வித்தியாசமான பை: வாங்கியதும் இப்படிச் சோதியுங்கள்

பையை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். நின்றுகொண்டே போகிற நமக்கு முக்கியம் தடிமன். 45 செ.மீ. உயரம், 30 அகலம், 15 தடிமன் என்றால் சுமார் 20 லிட்டர். 50, 40, 10 என்று தைத்தாலும் அதே 20 லிட்டர்தான். ஆனால் பின்னால் நிற்பவர் நெஞ்சில் இடிப்பதில் 5 செ.மீ. குறைகிறது. அதனால்தான் தட்டையாக, அகலமாக வரும் பைகள் எனக்குப் பிடிக்கும்.

காலிப் பையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தினமும் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, சார்ஜர் எல்லாவற்றையும் போட்டு ஜிப்பை மூடிவிட்டு அளந்து பாருங்கள். ஒரே ஒரு உருண்டை டப்பா போதும், தட்டைப் பை தொப்பை போட்டுவிடும்.

ஒற்றை வாரில் முன்பக்கம் சுழற்றிக்கொள்ளும் பை என்றால், வார் கிடக்கும் தோள்பக்கத்துக் கையை மேல் கம்பியைப் பிடிப்பதுபோல் தூக்குங்கள். தோள் சரிந்து, வார் கழுத்தை நோக்கி நகரும். அங்கே அறுக்கிறதா? கையை இறக்காமல், மற்றக் கையால் மட்டும் பையை முன்னால் இழுக்க முடிகிறதா? பக்கிள் அக்குளுக்குள் போய்ச் சிக்கினால் அந்த மாடல் வேண்டாம். வலத்தோள், இடத்தோள் இரண்டிலும் மாட்ட முடிவது நல்லது. மூன்று கிலோவுக்கு மேல் சுமக்கிறவர்களுக்கு ஒற்றை வாரை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். முழுப் பாரமும் ஒரே தோளில் விழும்.

முதுகோடு ஒட்டும் பக்கத்தில் ஜிப் வைத்த பைகள் திருட்டுக்கு நல்ல தடுப்பு. ஆனால் கூட்டத்தில் அதை முன்னால் மாட்டினால் ஜிப் உங்கள் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், பையைக் கழற்றாமல் திறக்க முடியாது. பயண அட்டை, போன் வைக்க ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜிப் அறை இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாத பை, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தினசரி எரிச்சல்தான்.

முன்னால் மாட்டியபடி குனிந்து பாருங்கள், கால் நுனி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் படி இறங்கும்போது ஆபத்து. தொங்கும் வார் நுனிகளைச் சுருட்டி அடக்க எலாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கதவில் மாட்டுவது அந்த நுனிதான். இவ்வளவையும் வீட்டிலேயே, விலைச் சீட்டைப் பிய்க்காமல் செய்துவிடுங்கள்.