ஹமுராபி சட்டத்தை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்கால பாபிலோனின் (இன்றைய ஈராக்) மன்னர் ஹமுராபி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது “கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்” மட்டும்தான். அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு.

196ஆம் விதி ஒரு சுதந்திர மனிதனின் கண்ணைப் பறித்தவனுக்குக் கண் போகும் என்கிறது. சரி, அடுத்த மூன்று விதிகளையும் படியுங்கள். கண்ணை இழந்தவன் ‘முஷ்கேனும்’ என்ற கீழ்நிலைக் குடியாக இருந்தால் ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறக்குறைய அரை கிலோ, கொடுத்தால் போதும். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி, அதுவும் எஜமானுக்கு. பழிக்குப் பழி என்பது சமமானவர்களுக்குள் மட்டும்தான். யாருடைய உடலுக்கு என்ன மதிப்பு என்ற சமூக அடுக்கு இந்த விதிகளில் அப்படியே தெரிகிறது.

ஹமுராபிதான் முதல் சட்டம் தந்தவர் என்று எழுதுவதும் தவறு. அவர் பாபிலோனை ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. சுமார் கி.மு. 2100இலேயே சுமேரிய மன்னர் ஊர்-நம்முவின் பெயரில் சட்டத் தொகுப்பு இருந்தது. அதில் காயங்களுக்குத் தண்டனை வெள்ளி அபராதம். பிறகு வந்த எஷ்னுன்னா நகரின் சட்டத்தில் கன்னத்தில் அறைந்தவனுக்கு 10 ஷெக்கல் எடை வெள்ளி அபராதம். முதலில் பழிவாங்கல், அப்புறம்தான் இழப்பீடு என்று நாம் வரிசைப்படுத்திவைத்திருக்கிறோமே, அந்த வரிசை இங்கே பொருந்தவில்லை.

இன்றைய நீதிமன்றத்தின் சட்டப் புத்தகம்போல அதைக் கற்பனை செய்யவும் வேண்டாம். இந்த விதிகள் செதுக்கப்பட்டு பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் 2.25 மீட்டர் கருங்கல் தூணின் உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷ் அமர்ந்திருக்க, எதிரே மன்னர் கை உயர்த்தி நிற்கிறார். வலியவர் எளியவரை ஒடுக்காதிருக்கவே இதை எழுதிவைத்ததாகச் சொல்கிறார். ஆனால் அக்காலத்து வழக்குகளைப் பதிந்த களிமண் பலகைகளில் இந்த விதிகள் மேற்கோளாக வருவது அபூர்வம். நிப்பூர் நகரில் நடந்து, பலகையில் பதிவான ஒரு பழைய கொலை வழக்கில், கணவனைக் கொன்றவர்கள் யாரென்று தெரிந்தும் வாய் திறக்காத மனைவி குற்றவாளியா என்று ஊர்ச் சபையே கூடி வாதிட்டது. நீதி அப்படி மனிதர்கள் பேசிப் பேசி உருவாக்கியது. எனக்கு அந்தப் பலகை தூணைவிட முக்கியமாகப் படுகிறது.

கொடூரம் மட்டுமே தேடுகிறவர்கள் 48ஆம் விதியைத் தவறவிடுகிறார்கள். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால், கடன்பட்ட உழவன் அந்த வருடம் தானியம் தர வேண்டாம், வட்டியும் வேண்டாம். ஒப்பந்தம் எழுதிய களிமண் பலகையை அவன் நனைத்துக்கொள்ளலாம். ஈரத்தில் அந்த எழுத்து குழைவதை நினைத்துப் பாருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் அழகுபடுத்திவிடவும் கூடாது. 230ஆம் விதிப்படி, கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கொத்தனாரின் மகனைக் கொல்ல வேண்டும். அந்தப் பையன் அந்தச் சுவரைத் தொட்டுக்கூட இருக்க மாட்டான். தகப்பனின் உடைமையாகவே அந்தச் சட்டம் அவனைக் கணக்கிட்டது.