இரண்டு காற்றுக்கும் இழுக்கும் விறகடுப்பு: திருகோணமலைக் குசினிக்கான கட்டுமுறை

2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு திரும்பவும் மூட்டப்பட்டது. அவசரத்தில் மூன்று கல் வைத்து மூட்டும் அடுப்பு சமைத்துத் தரும், ஆனால் புகை முழுவதும் சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான் போகும். மூடிய குசினிக்குள் விறகு எரிப்பதென்றால் புகைபோக்கி வைத்த இரண்டு கண் அடுப்பு வேண்டும். மேசன் வேலை கொஞ்சம் தெரிந்தவர் இரண்டு நாளில் கட்டிவிடலாம், காய்வதற்குத்தான் பொறுமை தேவை.

மூன்று பக்கம் திறந்த கொட்டிலில் சமைப்பவருக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்ற இரண்டு கண் களிமண் அடுப்பு போதும். அதைச் சுற்றி இரண்டு அங்குலத் தடிப்பில் மண் அணைத்துவிட்டால் சூடு வெளியே போகாது, உடையவும் மாட்டாது. அதற்குப் புகைபோக்கி கிடையாது, புகை இரண்டாவது சட்டியைச் சுற்றி வெளியேறும். ஆகவே அறைக்குள் அதை வைக்க வேண்டாம்.

சாமான்

மேடைக்குச் சீமெந்துக் கல். அடுப்புக்கும் பத்தடிப் புகைபோக்கிக்கும் சுட்ட செங்கல் 260. களிமண் 9 தாச்சி (மேசன் சாந்து சுமக்கும் தட்டு), ஆற்று மணல் 6 தாச்சி, உமி 3 தாச்சி, சாணம் 1 தாச்சி. தம்பலகாமம் பக்கத்து வயல் களி நல்லது, புற்றுமண் கிடைத்தால் இன்னும் நல்லது. களியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டி இல்லாமல் மிதித்துக் குழைக்க வேண்டும். களி ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி என்பதால், எலுமிச்சங்காய் அளவில் நாலு உருண்டை பிடித்து நிழலில் இரண்டு நாள் காயவிட்டுப் பாருங்கள். வெடித்தால் மணல் கூட்ட வேண்டும். விரலால் தேய்க்க உதிர்ந்தால் களி கூட்ட வேண்டும்.

கடற்கரையில் வீடு என்பதற்காகக் கடல் மணலை அள்ளக்கூடாது. அதிலுள்ள உப்பு மாரியில் ஈரத்தை இழுத்துப் பூச்சைச் செதிள் செதிளாகக் கழற்றும். முருகைக்கல்லும் அடுப்புக்குள் ஆகாது. கடும் சூட்டில் அது சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் பட்டதும் பொரிந்து விழும். தீ நேரே படும் இடத்தில் சீமெந்துச் சாந்தும் வேண்டாம். 400 பாகை செல்சியசைத் தாண்டும்போது சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்பு நீரை இழக்கும், அடுப்பு ஆறியபின் காற்றின் ஈரத்தை எடுத்து மறுபடி ஊதும். சில மாதத்தில் சாந்து தூளாகிவிடும். உள்ளே மண் சாந்துதான் நிலைக்கும்.

அடுப்பு

மேடை 18 அங்குல உயரம், அதன் மேல் அடுப்பு 12 அங்குலம். நின்று சமைப்பவருக்கு 30 அங்குலம் வசதி; உட்கார்ந்து சமைக்கும் வழக்கம் உள்ள வீட்டில் மேடையை விட்டுவிடலாம். நீளம் 40 அங்குலம், அகலம் 20. விறகு வாய் வடகிழக்கு, தென்மேற்குக் கதவுகளுக்கு நேரே இருக்கக்கூடாது. கதவால் வரும் காற்று நெருப்பைக் கிளப்பி, சாம்பலைச் சட்டிக்குள் போடும்.

மேடையில் இரண்டு அங்குலத்துக்குச் சாம்பலும் உமியும் கலந்த மண்ணைப் பரப்புங்கள். சூடு கீழே இறங்காமல் அதுதான் தடுக்கும். அதன் மேல் முதல் கண்ணின் நெருப்பறை: உள்விட்டம் 9 அங்குலம், விறகு வாய் 7 அங்குல அகலம், 6 அங்குல உயரம். செங்கல்லைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள், காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு பிடிப்பு வராது. சாந்துக்கு உமி போடாத மண், இடைவெளியை நிரப்ப உமியும் சாணமும் கலந்த மண்.

சட்டியின் அடிக்கும் நெருப்பறைத் தரைக்கும் ஏழிலிருந்து ஏழரை அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் சுவாலை முழுதாக எரிவதற்கு முன் குளிர்ந்த சட்டியில் முட்டிக் கரியாகும். கூடினால் விறகு வீண். ஆகவே கண்ணை அளவுகோலால் வெட்டாமல், வீட்டில் சோறு வடிக்கும் பானையையே ஈரமண்ணில் இரண்டு அங்குலம் இறக்கி, சற்றுத் திருப்பி எடுங்கள். விளிம்பில் பானை பொருந்த உட்கார வேண்டும், கீழே வயிற்றைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். விளிம்பு பொருந்தாவிட்டால் புகை அங்கேதான் கசியும். சிறிய சட்டிக்கு இரும்பு வளையம் ஒன்று செய்து வைத்துக்கொள்வது நல்லது.

நெருப்பறைத் தரையிலிருந்து மூன்றரை அங்குலம் மேலே, பின்சுவரில் கொடிக் கண்ணுக்கு, அதாவது இரண்டாவது கண்ணுக்கு, போகும் வழி: அகலம் 4, உயரம் 3½ அங்குலம், மேல்நோக்கிச் சரிவாக. வாழைத்தண்டை வைத்து மண் அணைத்து, பிறகு உருவி எடுத்தால் வழவழப்பாக வரும். கொடிக் கண் ஆழமாக இருந்தால் சுவாலை அடியோடு ஓடிப் புகைபோக்கிக்குப் போய்விடும், மேலே வைத்த கேத்தில் கொதிக்காது. தரை சட்டியின் அடியிலிருந்து 3 அங்குலம் கீழே இருக்கட்டும், நடுவில் ஒரு மண்மேடு எழுப்பி அந்த இடைவெளியை ஒரு அங்குலமாக்குங்கள். சூடான காற்று அந்த மேட்டில் ஏறிச் சட்டியைத் தொட்டுத்தான் அப்பால் போக வேண்டும். அங்கிருந்து 4 அங்குலச் சதுர வழி புகைபோக்கிக்கு.

புகைபோக்கி

புகை திரும்புகிறது என்று சொல்லப்படும் அடுப்புகளில் பெரும்பாலும் கோளாறு புகைபோக்கியின் தலையில்தான் இருக்கும். உயரம் போதாது, அல்லது காற்று நேரே வாய்க்குள் இறங்குகிறது.

தகரக் குழாய் மலிவுதான், ஆனால் கடற்காற்றின் உப்பும் புகையின் ஈரமும் சேர்ந்து அதைச் சீக்கிரம் அரித்துவிடும். செங்கல் புகைபோக்கி கட்டுவதே புத்தி. நாலு செங்கல்லை ஒன்றின் முனை அடுத்ததின் பக்கத்தில் முட்டுமாறு காற்றாடி போலச் சுற்றி வைத்தால் நடுவில் ஏறக்குறைய 5 அங்குலச் சதுரத் துளை கிடைக்கும். அடுத்த வரியை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வையுங்கள், பொருத்துகள் ஒன்றன்மேல் ஒன்று வராது. ஒரு வரி 3 அங்குலம், பத்தடிக்கு 40 வரி, 160 கல். எடை முந்நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் அதற்குத் தனி அத்திவாரம் வேண்டும்: இரண்டடிச் சதுரம், ஓரடி ஆழம். கூரைக்கு மேலே மட்டும் சீமெந்துச் சாந்து. அங்கே சூடு குறைவு, மண் சாந்தை மழை கரைத்துவிடும்.

கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி உயரமும், 10 அடித் தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரை முகட்டையும்விட 2 அடி உயரமும் இருக்க வேண்டும். பக்கத்தில் மாமரமோ மாடிவீடோ இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். மரச் சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். கிடுகுக் கூரை என்றால் புகைபோக்கியை வெளிச்சுவரோடு, கூரையின் ஓரத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டிலும் அப்படியே. அந்தச் சீற்றை அறுத்தால் பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, துளை போடாமலே வேலையை முடிக்கலாம்.

தலைமூடிதான் இங்கே முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இரண்டும் ஒரே கோட்டின் இரு முனை. ஆகவே புகைபோக்கியின் உச்சியில் வடகிழக்கு, தென்மேற்குப் பக்கங்களில் 8 அங்குலச் சுவர் எழுப்பி, மேலே கொங்கிறீட் பலகை வைத்து மூடி, வடமேற்கும் தென்கிழக்கும் திறந்து விடுங்கள். எந்தக் காற்றும் வாய்க்குள் நேரே நுழையாது, திறப்பைக் குறுக்கே கடந்து புகையை இழுத்துக்கொண்டு போகும். மழையும் உள்ளே சாய்ந்து விழாது. நாலு பக்கமும் திறந்த மூடி கச்சான் மாதத்தில் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வாடையில் மழையைக் குடிக்கும்.

அடியில் ஒரு செங்கல் அளவு சுத்தம் செய்யும் வாசல் விட்டு, அதைக் களிமண்ணால் லேசாக அடைத்து வையுங்கள்.

காய்தலும் முதல் நெருப்பும்

கச்சான் காலத்தில் வெளிப்பக்கம் விரைவில் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு வருவது அதனால்தான். முதல் மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், பிறகு பத்து நாள் நிழலில் விடுங்கள். ஒக்டோபருக்குப் பின் கட்டினால் மூன்று வாரம் வேண்டும். முதலில் ஒரு கைப்பிடி சிரட்டை மட்டும் எரித்து, ஒரு வாரம் நெருப்பைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மயிரிழை வெடிப்பு வந்தால் சாணமும் களியும் குழைத்து மெழுகினால் போதும்.

விறகு

பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போகும், மிச்சம் புகையும் கரியும். மணிக்கட்டுத் தடிப்புக்குப் பிளந்து, நிலத்தில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் கச்சானுக்குத் திறந்து விடுங்கள். மாரிக்கான விறகு செப்டம்பருக்குள் அடுக்கியிருக்க வேண்டும். பாலையும் வேம்பும் நின்று எரியும், தணல் பிடிக்கும். சிரட்டை உடனடிச் சூட்டுக்கு. பொச்சுமட்டை நன்கு காய்ந்திருந்தால் மட்டும்.

கடலில் ஒதுங்கிய மரத்தையும் பழைய வள்ளத்தின் பெயின்ற் பலகையையும் அடுப்பில் வைக்க வேண்டாம். அவற்றின் உப்பும் பெயின்ற்றும் எரியும்போது நச்சுப்புகை வரும்.

மூட்டும்போதும் பிறகும்

குளிர்ந்த புகைபோக்கி முதலில் இழுக்காது. சுத்தம் செய்யும் வாசலில் காய்ந்த ஓலை ஒன்றை எரித்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள், உடனே இழுக்கும். விறகை ஒரேயடியாகத் திணிக்காமல், வாயின் மேல் பாதி காற்றுக்குத் திறந்திருக்கும்படி இரண்டு மூன்று துண்டு வையுங்கள். இழுவை அதிகமாகிச் சூடு ஓடினால் புகைபோக்கி வழியில் ஒரு தகட்டைச் செருகிப் பாதி வரை மூடலாம். முழுதாக மூடக்கூடாது. தணல் கிடக்கும்போது வழியை அடைத்தால் மணமில்லாத நச்சுவாயு அறைக்குள் தங்கும்.

மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லும் தும்புக் கட்டும் கட்டி மேலிருந்து இறக்கிக் கரியைத் தள்ளுங்கள். ஈரவிறகு எரித்த மாதத்தில் கரி தார் போல ஒட்டியிருக்கும், அதுதான் தீப்பிடிக்கும். புகைபோக்கிக்குள் இரைச்சலோடு தீ எழுந்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான செங்கல் வெடிக்கும். விறகை வெளியே இழுத்து, விறகு வாயை ஈரச்சாக்கால் அடைத்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, கூரையில் பொறி விழுகிறதா என்று பாருங்கள்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் வைத்த பிறகே தோட்டத்தில் கொட்டலாம். உள்ளே புதைந்த தணல் மறுநாளும் உயிரோடிருக்கும், கச்சான் அடிக்கும் நாளில் அது அடுத்த வளவு வேலி வரைக்கும் போகும்.