உளவாளிக்கு முதலில் ஒரு வேலை வேண்டும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் வீட்டில் சனிக்கிழமை இரவு கூடுவோம், ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் ஆட்டத்துக்காக. பகடை, பென்சில், பையில் கட்டி வாங்கிய தே தாரேக். விண்வெளிக் கதையில் உளவாளியாக ஆடுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: துப்பாக்கிக்கும் மாறுவேடத்துக்கும் திறன் புள்ளிகளைக் கொட்டிவிடுவார்கள். அப்புறம் மெக்கானிக் என்று சொல்லிக் கப்பல் ஏறியவரிடம் கேப்டன், "எஞ்சினைக் கொஞ்சம் பாருப்பா" என்றால் பேந்தப் பேந்த விழிப்பார்கள்.

மறைப்புக்காகச் சொல்லும் வேலையை நிஜமாகவே கொஞ்சம் கற்றுவையுங்கள். 1977இல் முதலில் வெளிவந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தின் இன்றைய விதிகளில் சராசரிக் கடினமுள்ள சோதனைக்கு இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வேண்டும். பயிற்சியே இல்லாவிட்டால் அதில் 3 கழியும். ஜெயிக்க 36இல் 3 வாய்ப்புதான். சுழிய நிலைத் திறன் இருந்தாலே 15, முதல் நிலை என்றால் 21. இவ்வளவு மலிவாக வேறு எந்த மாறுவேடமும் கிடைக்காது.

இன்னொன்று, ரகசியக் குறிப்பு. ஆட்டம் நடத்துபவர் எனக்கு மட்டும் வாட்ஸ்அப் அனுப்பினார். போன் 'டிங்' என்றதும் எதிரே இருந்த தம்பி, "அண்ணே, நீங்கதானே அது?" என்று சிரித்துவிட்டான். மூன்று வாரத் திட்டம் போச்சு! இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. பாதிப் பேருக்கு வருவது, "சும்மா தலையாட்டு" என்பதுதான்.